வேலை தெரியும், நேர்காணல்தான் வராது

ஆசிரியருக்கு வணக்கம்.

மாற்றுத்திறனாளிகளின் வேலைவாய்ப்பு பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். சாய்தளம், லிஃப்ட், கழிப்பறை பற்றியெல்லாம் நன்றாகவே எழுதியிருந்தார்கள். ஆட்டிசம் (மற்றவர்களோடு பேசிப் பழகும் விதத்தில் வேறுபாடு), டிஸ்லெக்சியா (படிப்பதிலும் எழுதுவதிலும் சிரமம்), ஏ.டி.எச்.டி. (கவனத்தை ஒரே இடத்தில் நிறுத்துவதில் சிரமம்) உள்ளவர்களைப் பற்றித்தான் ஒரு வரிகூட இல்லை. இவர்கள் படியேறி உள்ளே வந்துவிடுவார்கள். மாட்டிக்கொள்வது நேர்காணல் அறையில்.

என் தம்பிக்கு ஆட்டிசம் உண்டு. பி.காம். முடித்தவன். திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதி நிறுவனத்தில் நேர்காணலுக்குக் கூப்பிட்டிருந்தார்கள். "உங்களைப் பத்திச் சொல்லுங்க" என்று கேட்டதும் பெயர், பிறந்த தேதி, உயரம், எடை, ரத்த வகை என்று வரிசையாகச் சொல்லியிருக்கிறான். கேட்ட கேள்விக்கு அதைவிடச் சரியான பதில் எது என்று எனக்கும் தெரியவில்லை. "சரி, சொல்லி அனுப்புறோம்" என்றார்களாம். வீட்டுக்கு வந்தவன் போனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு காத்திருந்தான். அப்படிச் சொன்னால் வேலை இல்லை என்று அர்த்தம் என்பதை நான்தான் எடுத்துச் சொல்ல வேண்டியிருந்தது.

இப்போது வேறொரு சின்ன கம்பெனியில் பேக்கிங் பிரிவில் இருக்கிறான். அந்த முதலாளி கேள்வி எதுவும் கேட்கவில்லை. பையரின், அதாவது சரக்கு வாங்குபவரின், ஆர்டரையும் பேக்கிங் லிஸ்டையும் கையில் கொடுத்து, "ரெண்டும் ஒத்துப்போகுதான்னு பாருப்பா" என்றார். ஒரு கலரில் மட்டும் எம் சைஸ் எண்ணிக்கையும் எல் சைஸ் எண்ணிக்கையும் இடம் மாறியிருந்ததை அங்கேயே கண்டுபிடித்துக் காட்டினான். சரக்கு அப்படியே கப்பலேறியிருந்தால் பையர் பணத்தில் எவ்வளவு பிடித்துக்கொள்வார் என்பது இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்குத் தெரியும்.

அங்கே அவனுக்காகச் செய்த மாற்றங்களும் பெரிதாக ஒன்றுமில்லை. மிஷின் சத்தம் கேட்காத மூலையில் மேசை. வாயால் சொல்கிற வேலையை வாட்ஸ்அப்பில் எழுதி அனுப்புவது. முதலில் சூப்பர்வைசர், "முடிஞ்சா இன்னைக்கே முடிச்சிருங்க" என்பார். முடியவில்லை என்றால் தம்பி ஆறு மணிக்குக் கிளம்பிவிடுவான். அதற்கு ஒரு நாள் பெரிய சத்தம். இப்போது "மாலை 5 மணிக்குள் வேண்டும்" என்று எழுதுகிறார், வேலை நடக்கிறது. "நான் அப்படிச் சொல்லவே இல்லையே" என்கிற தகராறு அந்தப் பிரிவில் மற்றவர்களுக்கும் குறைந்துவிட்டதாம்.

இப்படி வேலையைக் கொடுத்துப் பார்த்து ஆள் எடுப்பதை உலகத்தில் முதலில் செய்தவர் அந்த முதலாளி இல்லை. டென்மார்க்கில் தோர்கில் சோனே என்பவர் தன் மகனுக்கு ஆட்டிசம் என்று தெரிந்தபின் 2004-இல் ஸ்பெஷலிஸ்டர்னே என்ற நிறுவனத்தைத் தொடங்கினார். வழக்கமான நேர்காணலுக்குப் பதிலாக, லெகோ பொம்மைக் கட்டைகளைக் கொடுத்து ரோபோ செய்யச் சொல்லித் திறமையைப் பார்த்தார்கள். ஜெர்மனியின் மென்பொருள் நிறுவனமான எஸ்.ஏ.பி. போன்ற பெரிய கம்பெனிகளும் பின்னால் இந்த வழிக்கு வந்தன.

நம் ஊரில் டிஸ்லெக்சியா உள்ள பிள்ளைக்குப் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வில் கூடுதல் நேரம் கிடைக்கிறது. அதே பிள்ளை வேலைக்குப் போனதும், எழுத்துப்பிழை இருக்கிறது என்று மின்னஞ்சலைத் திருப்பி அனுப்புகிறார்கள். ஆனால் சட்டம் பள்ளியோடு நின்றுவிடவில்லை. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் சொல்லும் 21 வகைகளில் ஆட்டிசமும், டிஸ்லெக்சியா போன்ற கற்றல் குறைபாடும் உண்டு. மத்திய விதிகளின்படி, தனியார் நிறுவனம்கூடச் சம வாய்ப்புக் கொள்கை ஒன்றை எழுதி, இணையதளத்திலோ எல்லோர் கண்ணிலும் படும் இடத்திலோ வைக்க வேண்டும். ஆயுத பூஜை போட்டோ ஒட்டும் பலகையில் இதற்கும் ஓர் இடம் கொடுத்திருக்கிறார்களா என்று வாசகர்கள் தங்கள் ஆபீஸில் பார்க்கலாம். உலக ஆட்டிசம் விழிப்புணர்வு நாளான ஏப்ரல் 2 அன்று கட்டடத்துக்கு நீல விளக்கு போடுவதை நான் குறை சொல்லவில்லை. கரண்ட் பில் அவர்களுடையது.

ஏ.டி.எச்.டி. அந்த 21-இல் இல்லை. மாற்றுத்திறனாளி சான்றிதழ் கிடைக்கக்கூடியவர்களிலும் பலர் அதை வெளியே காட்டுவதில்லை. வேலை போய்விடுமோ, தங்கைக்கு வரன் தட்டிப்போகுமோ என்று பயம். அதனால் சான்றிதழைக் கொண்டுவந்தால்தான் எழுதித் தருவோம், இடம் மாற்றுவோம் என்பதில் பிரயோஜனம் இல்லை. வேலைக்குச் சேரும்போதே எல்லோரிடமும், "உங்களுக்கு எப்படி இருந்தால் வேலை ஓடும்?" என்று கேட்டுவிடலாம். ஒருவருக்குக் கொடுத்தால் எல்லோரும் கேட்பார்களே என்கிறார்கள் எச்.ஆர். பிரிவினர். கேட்கட்டுமே. எழுதிக் கொடுப்பதற்கு என்ன செலவு?

உங்களிடமும் ஒரு வேண்டுகோள். உங்கள் இதழில் வரும் வேலைவாய்ப்பு விளம்பரங்களில், கணக்கு எழுதும் வேலைக்கும் குடோனில் இருப்புப் பார்க்கும் வேலைக்கும்கூட "சரளமாகப் பேசும் திறன் அவசியம்" என்று போடுகிறார்கள். என் தம்பி அந்த வரியைப் படித்ததுமே பக்கத்தைத் திருப்பிவிடுவான். இந்த வேலைக்கு அது உண்மையிலேயே வேண்டுமா என்று விளம்பரம் கொடுப்பவர்களிடம் உங்கள் விளம்பரப் பிரிவு ஒரு வார்த்தை கேட்க வேண்டும்.

இப்படிக்கு,
வாசகி ஒருவர், திருப்பூர்
(தம்பியின் வேலையை முன்னிட்டுப் பெயரை வெளியிட வேண்டாம்.)