பச்சையப்பன் மண்டபம் யார் பணத்தில் எழுந்தது?

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். சென்னையின் பழைய பள்ளிக் கட்டடங்களைப் பற்றித் தாங்கள் சென்ற இதழில் வெளியிட்ட கட்டுரையில், பாரிமுனைக்கு அருகே நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் சாலையில் உள்ள பச்சையப்பன் மண்டபம், ஆங்கிலேயர் விட்டுச்சென்ற கட்டடங்களின் பட்டியலில் சேர்க்கப்பட்டிருந்தது. தூண்களைப் பார்த்தால் யாருக்கும் அப்படித்தான் தோன்றும். ஆனால் அந்தத் தூண்களுக்குப் பின்னால் இருப்பது ஒரு தமிழரின் உயில் என்பதைச் சுட்டிக்காட்டவே இதை எழுதுகிறேன்.

1754இல் பெரியபாளையத்தில் பிறந்து, ஆங்கிலேயருக்கு மொழிபெயர்ப்பாளராகவும் இடைத்தரகராகவும் இருக்கும் துபாஷித் தொழிலில் பெரும்பொருள் ஈட்டிய பச்சையப்ப முதலியார், கோமளீஸ்வரன்பேட்டையில் குடியிருந்து, கூவத்தில் நீராடிவிட்டுக் கோயிலுக்குச் சென்றவர் என்பார்கள். (ஆம், அதே கூவம்தான்.) நாற்பது வயதில், 1794இல், திருவையாற்றில் காலமானார். உயிலில் அவர் முதன்மையாக நினைத்தது கோயில் கட்டளைகளையும் தருமங்களையும்தான். சொத்து வழக்கில் சிக்கிப் பல்லாண்டுகள் இழுபட்டது. அதற்குள் முதல் வட்டியோடு சேர்ந்து பெருகிவிட்டது. தெய்வப்பணிக்கு ஒதுக்கியதுபோக மிஞ்சிய தொகையைக் கல்விக்குப் பயன்படுத்தலாம் என்று அன்றைய சென்னை சுப்ரீம் கோர்ட் இசைந்ததன் பயனாக, 1842 ஜனவரியில் போஃபம்ஸ் பிராட்வேயில் பள்ளி தொடங்கியது. நடத்தியவர்கள் அரசாங்கத்தாரோ பாதிரிமார்களோ அல்லர், இந்தியத் தர்மகர்த்தாக்கள். அட்வகேட் ஜெனரல் ஜார்ஜ் நார்ட்டன் இதற்காகப் பாடுபட்டார், 1846இல் மண்டபத்துக்கு அடிக்கல்லும் நாட்டினார் என்பதை நான் மறுக்கவில்லை. உழைப்பில் அவருக்குப் பங்குண்டு, பணத்தில் இல்லை.

1850இல் திறக்கப்பட்ட இக்கட்டடத்துக்கு மாதிரியாகக் கொள்ளப்பட்டது ஏதென்ஸ் நகரிலுள்ள தீசியஸ் கோயில். முகப்பில் ஆறு, பக்கவாட்டில் பதின்மூன்று என்று தூண்கள் நிற்கும் அந்தக் கிரேக்கக் கோயில், பிற்காலத்தில் தேவாலயமாக வழங்கியதாலேயே அதிகம் சிதையாமல் தப்பியது. சுவர்ச் சிற்பங்களில் வீரன் தீசியஸின் செயல்கள் இருந்ததால் அவன் பெயர் ஒட்டிக்கொண்டதே தவிர, அது உண்மையில் கொல்லர்களின் தெய்வமான ஹெபைஸ்டஸுக்குரியது என்பதே அறிஞர்களின் இன்றைய முடிவு. பள்ளிக்கூடத்துக்கு வீரனைவிடக் கொல்லனே பொருத்தம் என்பது என் எண்ணம். ஏதென்ஸில் அது சலவைக்கல். நம்மூர்க் கொத்தனார்களோ, செங்கல் தூணின்மேல் கிளிஞ்சல் சுண்ணாம்புச் சாந்தைப் பூசித் தேய்த்துத் தேய்த்துச் சலவைக்கல்லின் மெருகை வரவழைக்கத் தெரிந்தவர்கள்.

சிறுவயதில் அப்பாவோடு சைனா பஜாருக்குக் குடை வாங்கப் போன நாளில், நடைபாதைக் கடையின் தார்ப்பாய்க்கு மேலே தூண்களின் தலைப்பகுதி மட்டும் தெரிந்தது. “அது என்ன கோயில்ப்பா?” என்று கேட்டேன். “பள்ளிக்கூடம்டா” என்று சொல்லிவிட்டு, அவர் குடைக்கம்பியை விரித்துப் பார்ப்பதில் மூழ்கிவிட்டார்.

பள்ளி 1889இல் கல்லூரியாக உயர்ந்து, 1940இல் சேத்துப்பட்டுக்கு இடம்பெயரும்வரை கல்லூரி இயங்கியதும் இங்கேதான். 1906இல் சேர்ந்து, கணக்கில் சிறந்தும் உடலியலில் தேறாமல் எஃப்.ஏ. என்ற அக்கால இடைநிலைக் கல்லூரித் தேர்வைக் கோட்டைவிட்ட ராமானுஜனும், பொருளாதாரத்தில் முதுகலைப் பட்டம் பெற்ற அண்ணாவும் இதன் மாணவர்கள். 1947 வரை அக்கல்லூரியில் இந்துக்கள் மட்டுமே சேர முடிந்தது என்ற குறையையும் இங்கே மறைக்க வேண்டியதில்லை.

ஆகவே, கட்டுரை நூலாக வரும்போது இம்மண்டபத்தை அப்பட்டியலிலிருந்து எடுத்து, பச்சையப்ப முதலியாரின் பெயரோடு தனியே சேர்க்குமாறு கேட்டுக்கொள்கிறேன். படம் எடுப்பவரை உயர் நீதிமன்றப் பக்கத்து நடைபாதையில் நின்று எடுக்கச் சொல்லுங்கள். மண்டபத்தின் வாசலிலேயே நின்றால் தூண்கள் படச்சட்டத்துக்குள் அடங்குவதில்லை.

தங்கள் நெடுநாள் வாசகர்,
புரசைவாக்கம், சென்னை