லீவு இல்லை என்று சொன்ன மகளுக்கு

அன்புள்ள மகளுக்கு,

நேற்று போனில் கொஞ்சம் கத்திவிட்டேன், மனதில் வைத்துக்கொள்ளாதே. ஆனால் நீயும் சொன்னது சரியில்லை. லீவு கேட்டால் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்கிறார்கள், ஒரு ஓட்டுக்காகக் கொழும்பிலிருந்து ஹட்டன் வரைக்கும் பஸ் ஏறி வரணுமா, நம்ம ஓட்டால் என்ன ஆகிவிடப் போகிறது என்று கேட்டாய். போனில் பதில் சொன்னால் நடுவில் வெட்டிவிடுவாய் என்றுதான் எழுதுகிறேன்.

கண்டியில் அக்னஸ் டி சில்வா என்று ஓர் அம்மா இருந்தார். 1885இல் பிறந்தவர், பறங்கியர் குடும்பம், அதாவது ஐரோப்பிய வம்சாவளி. ஜோர்ஜ் ஈ. டி சில்வா என்கிற சிங்கள வக்கீலைக் கட்டிக்கொண்டார், அந்தக் காலத்தில் அதுவே பெரிய விஷயம். நீ படத்தில் பார்த்துவிட்டு வீடு என்றால் இப்படிக் கட்டணும் என்றாயே மினெட் டி சில்வா, அந்தக் கட்டடக்கலைஞர் இவருடைய மகள்தான். தாயைவிட மகள் பெயர்தான் இன்றைக்குப் பரவலாகத் தெரிகிறது, அது எனக்குக் கொஞ்சம் வருத்தம்.

அப்போது சிலோனில் ஓட்டு என்பது படித்த, சொத்தோ வருமானமோ உள்ள ஆண்களுக்கு மட்டும். மொத்த சனத்தில் நூற்றுக்கு நாலு பேர். 1925இல் இலங்கைத் தேசிய காங்கிரசில் பெண்களுக்கும் ஓட்டு வேண்டும் என்று தீர்மானம் வந்தபோது வழிமொழிந்தவர் அக்னஸ். அதுவும் எல்லாப் பெண்களுக்கும் இல்லை, வரையறுத்த அளவில்தான் கேட்டார்கள். 1927 கடைசியில் பெண்கள் வாக்குரிமைச் சங்கம் தொடங்கினார்கள், இவர் செயலாளர். டொக்டர் நல்லம்மா சத்தியவாகீஸ்வர ஐயர் என்று ஒரு தமிழ் அம்மாவும் அதில் இருந்தார். எதிர்த்தவர்களும் சும்மா ஆட்கள் இல்லை. சேர் பொன்னம்பலம் இராமநாதன், பெண் பிள்ளைகளுக்கென்று யாழ்ப்பாணத்தில் பள்ளிக்கூடம் கட்டியவர், பெண்களுக்கு ஓட்டு என்றதும் கூடாது என்றார். படிக்கலாமாம், ஓட்டு மட்டும் போடக்கூடாதாம்.

அந்த நேரம்தான் சிலோன் ஆட்சிமுறையை எப்படி மாற்றலாம் என்று விசாரிக்க லண்டனிலிருந்து டொனமூர் ஆணைக்குழு வந்தது. இந்தப் பெண்கள் போய் அவர்கள் முன்னால் உட்கார்ந்தார்கள். டொனமூர் பிரபு ஒரு கேள்வி கேட்டார்: தோட்டத்தில் வேலை செய்கிற இந்தியத் தமிழ்ப் பெண்களுக்கும் ஓட்டுக் கொடுக்கச் சொல்கிறீர்களா?

இந்த இடத்தைப் பல தடவை யோசித்திருக்கிறேன். தோட்டத்துச் சனத்துக்கு ஓட்டுப் போனால் தங்கள் இடம் போய்விடும் என்று அன்றைக்குப் பெரிய பெரிய தலைவர்களே பயந்துகொண்டிருந்தார்கள். 'முதலில் படித்த பெண்களுக்குக் கொடுங்கள், மற்றதைப் பிறகு பார்க்கலாம்' என்று அவர் சொல்லியிருந்தால் யாரும் ஏனென்று கேட்டிருக்க மாட்டார்கள். அக்னஸ் சொன்ன பதில், 'நிச்சயமாக, அவர்களும் பெண்கள்தானே. எல்லாப் பெண்களுக்கும் வேண்டும்.'

அவரைச் சாமியாக்கவில்லை. அந்த அறையில் நம்ம தோட்டத்து லயன் வீடுகளிலிருந்து ஒருத்தியும் இல்லை, போனவர்கள் எல்லாம் பெரிய வீட்டு அம்மாமார். ஆனாலும் நம்மைப் பற்றிக் கேள்வி வந்தபோது அங்கே பதில் சொல்ல அவர் இருந்தார். ஹட்டனில் ஒரு பெண்கள் கூட்டத்தில் டீச்சர் ஒருவர் இதைச் சொன்னபோது எனக்கு மயிர்க்கூச்செறிந்தது, அப்புறம்தான் லைப்ரரியில் தேடிப் படித்தேன்.

ஆணைக்குழு முப்பது வயதுக்கு மேற்பட்ட பெண்களுக்கு என்றுதான் சொன்னது, கடைசியில் 1931இல் ஆண் பெண் இருவருக்கும் 21 என்று வந்தது. இங்கிலாந்திலேயே பெண்களுக்கு ஆண்களோடு சமமாகக் கிடைத்தது 1928இல்தான். ஆனால் தோட்டத்து ஆட்களுக்கு மட்டும், இங்கேயே நிரந்தரமாக இருப்பவர் என்று காட்டணும், அஞ்சு வருஷம் இருந்திருக்கணும் என்று முடிச்சுப் போட்டார்கள். அக்னஸ் 1936இல் கலகெதரயில் தேர்தல் கேட்டுத் தோற்றுப்போனார்.

சரி, நம்ம கதைக்கு வருகிறேன். என் அம்மாயி 1947இல் ஓட்டுப் போட்டவர். நாலு வயசுப் பிள்ளையாக இருந்த என் அம்மாவை, அதாவது உன் அம்மாயியை, இடுப்பில் வைத்துக்கொண்டு மலையிறங்கிப் போனாராம். அந்தத் தடவை நம்ம தோட்டத்துத் தமிழர் ஏழு பேர் பாராளுமன்றம் போனார்கள். அடுத்த வருஷம் பிரஜாவுரிமைச் சட்டம் போட்டு நம்மை நாடற்றவர்களாக்கினார்கள், அதற்கடுத்த வருஷம் தேர்தல் சட்டத்திலும் கைவைத்து வாக்காளர் இடாப்பிலிருந்து பெயரை எடுத்துவிட்டார்கள். 1952 தேர்தலில் நம்ம ஆள் ஒருவர்கூட இல்லை. 'நம்ம ஓட்டால் என்ன ஆகும்' என்று கேட்டாயே, ஒன்றும் ஆகாது என்றால் எதற்காக மகளே அத்தனை அவசரமாகப் பிடுங்கினார்கள்?

என் அம்மாயி மறுபடி ஓட்டுப் போடாமலே செத்துப்போனார். நம்ம ஆட்களை இந்தியாவும் இலங்கையும் பங்கு போட்டுக்கொண்ட 1964 ஒப்பந்தத்துக்குப் பிறகு தாத்தா இந்தியப் பிரஜாவுரிமைக்கு எழுதிக் கொடுத்தார், இந்தியப் பாஸ்போர்ட்டும் வந்தது, ஆனால் நாங்கள் போகவில்லை. 84இல் தலைமன்னாரிலிருந்து இந்தியாவுக்குப் போன கப்பலும் நின்றுபோச்சு. அப்புறம் 2003இல் வந்த சட்டத்தில்தான் எங்களுக்குப் பிரஜாவுரிமை. 2004 ஏப்ரலில் உன் அம்மாயியும் நானும் ஒரே வரிசையில் நின்று முதல் ஓட்டுப் போட்டோம். அவருக்கு 61, எனக்கு 40. உனக்கு எட்டு வயசு, வெயிலில் நிற்க மாட்டேன் என்று அழுதாய்.

இடது கைச் சுண்டுவிரலில் மை வைக்க வேண்டும். அம்மாயி கையை நீட்டினார். நாற்பது வருஷத்துக்கு மேல் கொழுந்து பறித்த கை, கொழுந்துக் கறை நகக்கண் வரை ஏறி விரலெல்லாம் கறுப்பு. அந்தப் பையன் துணியால் துடைத்தான், மை வைத்தான், தெரியவில்லை என்று மறுபடி வைத்தான். தோட்டத்துப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிற பிள்ளைக் காம்பராவில் என்னோடு வேலை செய்தவள் பின்னாலிருந்து, 'அக்கா, இன்னொரு தடவை போய்ப் போட்டாலும் கண்டுபிடிக்க முடியாது' என்றதும் வரிசையே சிரித்தது. அம்மாயி மட்டும் சிரிக்கவில்லை. வீட்டுக்கு வந்த பிறகும் அந்த விரலைத் தனியாகப் பிடித்துக்கொண்டே இருந்தார்.

ஓட்டுப் போட லீவு கொடுக்க வேண்டும் என்று சட்டமே இருக்கிறது, எழுத்தில் கேள். கிராம சேவகர் போன கிழமை படிவம் கொண்டுவந்தார், உன் பெயரையும் போட்டுக் கொடுத்திருக்கிறேன். நீ இப்போது கொழும்புதானே என்று அவர் கேட்டதற்கு, 'வருவாள், எழுதுங்கள்' என்று அம்மாயிதான் உள்ளேயிருந்து சொன்னார். வரும்போது அவருக்கு பிஸ்கட் வாங்காதே, பல் இல்லை. சாயத்தண்ணியில் நனைத்துச் சாப்பிட ரஸ்க் வாங்கி வா.

அம்மா