இன்ஜின் சூடாகும் கோளாறைச் சோதிக்காமலே பாகங்களை மாற்றியது குறித்த புகார்

பெறுநர்:
கிளை மேலாளர் அவர்கள்,
வாகனப் பழுதுநீக்கும் பிரிவு,
மதுரை.

மதிப்பிற்குரிய ஐயா,

என்னுடைய 1999ஆம் ஆண்டு மாருதி 800 காரை, இன்ஜின் அளவுக்கு மீறிச் சூடாகிறது என்று தங்கள் பணிமனையில் மூன்று முறை விட்டு, மொத்தம் 7,400 ரூபாய் கட்டிய பின்னும் கோளாறு தீராததால் இக்கடிதத்தை எழுதுகிறேன்.

கோரிப்பாளையம் நெரிசலில் நின்றால் சூடு காட்டும் முள் சிவப்புக் கோட்டை நெருங்குகிறது, திருமங்கலம் நான்குவழிச் சாலையில் 60 கிலோமீட்டர் வேகத்தில் போனால் தானாக இறங்கிவிடுகிறது என்று முதல் நாளே தங்கள் மேற்பார்வையாளரிடம் தெளிவாகச் சொன்னேன். வண்டி ஓடும்போது எதிர்க்காற்றே ரேடியேட்டரைக் குளிர்விக்கிறது. நிற்கும்போது அந்த வேலையை மின்விசிறிதான் செய்தாக வேண்டும். ஆகவே நின்றால் மட்டும் சூடாகும் வண்டியில் முதலில் பார்க்க வேண்டியது ஃபேனைத்தான். எனக்குக் கிடைத்த பதிலோ, "பழைய வண்டி சார், அப்படித்தான் இருக்கும்" என்பது. வாங்கிய நாளிலிருந்து நானே ஓட்டிவரும் வண்டி அது.

முதல் முறை, இன்ஜின் சூடேறும்வரை ரேடியேட்டருக்குப் போகும் ஓட்டத்தை அடைத்துவைக்கும் தெர்மோஸ்டாட்டுக்கும், இன்ஜினைக் குளிர்விக்கும் திரவமான கூலன்டுக்கும் 1,850 ரூபாய், அடுத்த முறை வாட்டர் பம்புக்கு 4,600 ரூபாய் வாங்கினார்கள். மூன்றாம் முறை, சோதனைக் கட்டணமாக 950 ரூபாய் பெற்றுக்கொண்டு, ஹெட் கேஸ்கெட் (இன்ஜினுக்கும் அதன் மேல்பாகமான ஹெட்டுக்கும் இடையிலுள்ள அடைப்புத் தகடு) போய்விட்டது, ஹெட்டை இறக்க வேண்டும் என்றார்கள். அதற்கான அறிகுறி எதுவும் இல்லை: சைலன்சரில் வெள்ளைப் புகை இல்லை, ஆயில் பால் நிறமாக மாறவில்லை, ரேடியேட்டரில் குமிழி எழவில்லை, கம்ப்ரஷன் பரிசோதனையும் செய்யப்படவில்லை. பிறகு எதை வைத்து அந்த முடிவுக்கு வந்தார்கள் என்று கேட்டதற்கு இன்றுவரை பதில் இல்லை.

வண்டியை எடுத்துக்கொண்டு எங்கள் தெரு முனையிலுள்ள மெக்கானிக்கிடம் போனேன். அவர் இன்ஜினை ஓடவிட்டு முள் ஏறும்வரை காத்திருந்தார். ஃபேன் அசையவே இல்லை. சூடு ஏறியதும் ஃபேனை ஓடவைக்கும் தெர்மோ ஸ்விட்சின் இணைப்பைக் கழற்றி, சிறு வயர்த் துண்டால் நேரடியாக இணைத்தவுடன் அது சுற்றத் தொடங்கியது. பழுது அந்த ஸ்விட்சில்தான். 380 ரூபாய்க்குப் புதியது போட்டபின் வண்டி எந்த நெரிசலிலும் சூடாகவில்லை.

இதைவிட என்னை வருத்தியது வேறொன்று. அவர் தெர்மோஸ்டாட் இருக்கும் கூட்டைத் திறந்தபோது உள்ளே ஒன்றுமே இல்லை. புதியது போட்டதாகத் தங்கள் பில் சொல்கிறது. கூலன்ட் இருக்க வேண்டிய ரேடியேட்டரிலிருந்து துருநிறத்தில் வெறும் தண்ணீர்தான் வடிந்தது. காலையில் இன்ஜின் சூடேற நேரமாவதும் பெட்ரோல் கூடுதலாகச் செலவாவதும் ஏன் என்று அப்போதுதான் புரிந்தது.

எனவே நான் கட்டிய 7,400 ரூபாயைத் திருப்பித் தந்து, கழற்றிய பழைய வாட்டர் பம்பையும் தெர்மோஸ்டாட்டையும் ஒப்படைத்து, போடாத பாகத்துக்குப் பில் போட்டது எப்படி என்பதற்கு எழுத்துமூலம் விளக்கமளிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். 15 நாட்களுக்குள் பதில் வராவிட்டால், நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019இன் கீழ் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் முறையிடுவேன். மூன்று பில்களின் நகல்களும், திறந்த கூட்டின் புகைப்படங்களும் இத்துடன் இணைக்கப்பட்டுள்ளன.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்