மூக்குக்கண்ணாடி காத்திருந்த கதை

அன்புள்ள நண்பா,

உன் இரண்டு கடிதங்களுக்கும் பதில் போடாமல் இருந்துவிட்டேன். வேலைப்பளு என்று பொய் சொல்ல மாட்டேன், சோம்பல்தான். வீட்டில் அனைவரும் நலம். பத்து வயதுச் சிறுமி ஒருத்தியிடம் நான் வாங்கிக் கட்டிக்கொண்டதை உன்னிடம் சொல்லாவிட்டால் தூக்கம் வராது என்பதால் இன்று எழுதுகிறேன்.

குழந்தைகள் எழுதிய கதை, கவிதைகளைச் செப்பனிட்டுத் தொகுக்கும் பொறுப்பை ஏற்றிருக்கிறேன். (நீ சிரிப்பது இங்கே கேட்கிறது.) வந்தவற்றில் பாதிக்குமேல் நரிக்குப் புத்தி சொல்லி முடிபவை, பெரியவர்களுக்கு எது பிடிக்கும் என்று தெரிந்துகொண்டு எழுதப்பட்டவை. அவற்றுக்கு நடுவே, பாட்டி இறந்த நாளைப் பற்றிய அரைப்பக்கக் கதை ஒன்று இருந்தது. அதன் கடைசி வரிகள்: “பாட்டியின் மூக்குக்கண்ணாடி மேசையில் உட்கார்ந்து காத்துக்கொண்டிருந்தது. பாட்டி வர மாட்டாள் என்று யாரும் அதனிடம் சொல்லவில்லை.”

நான் என்ன செய்தேன் தெரியுமா? கண்ணாடி உட்காராது என்று ‘கிடந்தது’ ஆக்கினேன். இரண்டாம் வாக்கியத்தை அடித்துவிட்டு, “நாங்கள் அனைவரும் பாட்டியின் நினைவில் வாடினோம்” என்று சேர்த்தேன். திருத்திய படியைப் படித்த, கதையை எழுதிய அந்தச் சிறுமி, “நாங்க வாடலையே, கண்ணாடிதானே காத்துக்கிட்டிருந்துச்சு?” என்று கேட்டாள். என்னிடம் பதில் இல்லை.

ஹில்டா காங்க்லிங் என்ற அமெரிக்கச் சிறுமி வாய்மொழியாகச் சொன்ன கவிதைகளை அவளுடைய தாய் எழுதிவைத்து, அவளிடமே படித்துக் காட்டுவாராம். ஒரு சொல் மாறியிருந்தாலும் சிறுமி உடனே திருத்திவிடுவாள். 1920இல் அவை நூலாக வந்தபோது அவளுக்குப் பத்து வயதுகூட நிறைந்திருக்கவில்லை. இதை எப்போதோ படித்துத் தலையாட்டியவன்தான் நானும். பேனா கையில் வந்ததும் எல்லாம் மறந்துபோயிற்று.

அதற்காக, வந்ததை வந்தபடியே அச்சிடுவதிலும் எனக்குச் சம்மதம் இல்லை. டெய்சி ஆஷ்ஃபோர்ட் என்ற இங்கிலாந்துச் சிறுமி 9 வயதில் எழுதிய நாவலை, ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் கழித்து 1919இல், எழுத்துப்பிழைகளோடே வெளியிட்டார்கள். அது அமோகமாக விற்றது. ஆனால் வாசகர்கள் கதைக்காக எவ்வளவு சிரித்தார்கள், பிழைக்காக எவ்வளவு சிரித்தார்கள் என்ற சந்தேகம் எனக்கு உண்டு. ஒற்றுப்பிழையைத் திருத்தலாம், றகர ரகரத்தையும் திருத்தலாம். கண்ணாடியை எழுப்பிவிட மட்டும் நமக்கு உரிமை இல்லை.

அந்த இரண்டு வரிகளையும் இருந்தபடியே திரும்பச் சேர்த்துவிட்டேன். இன்னும் நாற்பது கதைகள் என் சிவப்பு மையோடு மேசையில் இருக்கின்றன. ஒவ்வொன்றையும் மூலப்படியோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும்.

ஆறாம் வகுப்பில் நீ எழுதிய எருமைக் கதை நினைவிருக்கிறதா? நம் ஐயா முக்கால்வாசியை அடித்துவிட்டு ‘நன்று’ என்று போட்டாரே, அந்த நோட்டு இன்னும் உன்னிடம் இருந்தால் அனுப்பு. அடித்த கோடுகளுக்கு அடியில் அந்த எருமை என்னதான் சொல்லியிருந்தது என்று படித்துப் பார்க்க வேண்டும்.

என்றும் உன்,
பழைய பெஞ்சுக்காரன்