திண்டிவனம் பைபாஸ் டீக்கடை அக்காவுக்கு

நான் 108 ஆம்புலன்ஸில் இஎம்டி, வண்டியிலேயே முதலுதவி செய்கிறவன். போன வாரம் விடியற்காலை ஒரு மாரடைப்பு கேஸ். நாற்பது வயசுதான் இருக்கும். நெஞ்சில் 30 அழுத்தம், 2 மூச்சு, மறுபடி 30. கால்மாட்டில் உட்கார்ந்திருந்த அவர் மனைவியும் என்னோடு சேர்ந்து எண்ணிக்கொண்டே வந்தார். ஆஸ்பத்திரி வாசல் வரை நான் நிறுத்தவில்லை. பிழைக்கவில்லை.

திரும்பும்போது வண்டி ஓட்டும் பைலட் அண்ணன் உங்கள் கடையோரம் வண்டியை நிறுத்தினார். என் கைநடுக்கத்தில் டீ சிந்தியது. நீங்கள் எதுவும் கேட்கவில்லை. கிளாஸை வாங்கி வைத்துவிட்டு, செம்பில் தண்ணீர் கொண்டுவந்து என் கையில் ஊற்றினீர்கள். "அழுதுட்டுப் போ தம்பி" என்றீர்கள். அழுதேன். அவருடைய திருநீறு அப்போதும் என் சட்டையில் ஒட்டியிருந்தது.

காசும் வாங்கவில்லை. அடுத்த கேஸ் வந்துவிட்டதால் பேர்கூடக் கேட்காமல் ஓடிவிட்டேன். அன்றைக்கு என்னை மறுபடி வண்டியில் ஏற வைத்தது நீங்கதான். ரொம்ப நன்றிக்கா.