ஆஸ்திரேலியாவில் கடை நடத்தும் நம்மவர்களுக்கு: சூப்பர் பணம் பற்றி ஒரு திறந்த மடல்

உணவகம், மளிகைக்கடை, கேட்டரிங், கிளீனிங் கான்ட்ராக்ட் என்று ஆஸ்திரேலியாவில் சிறுதொழில் நடத்தும் தமிழ் முதலாளிகளுக்கு, வணக்கம்.

மேற்கு சிட்னியில் சிறிய கடைகளுக்குக் கணக்கு எழுதி, அவர்களுடைய வரி அறிக்கையைத் தாக்கல் செய்து பிழைக்கும் பிஏஎஸ் (BAS) ஏஜென்ட் நான். வாடகை எவ்வளவு ஏறியது, கரண்ட் பில் எங்கே போய் நிற்கிறது, சமையல்காரர் கிடைப்பது எவ்வளவு கஷ்டம் என்றெல்லாம் எனக்கு யாரும் சொல்லத் தேவையில்லை. எல்லாம் தெரிந்தேதான் எழுதுகிறேன். உங்களிடம் வேலை பார்க்கும் பிள்ளைகளுக்குச் சேர வேண்டிய சூப்பரை, அதாவது சம்பளத்துக்கு மேல் அவர்களுடைய ஓய்வுகால ஃபண்டுக்கு முதலாளி கட்ட வேண்டிய பணத்தை, கட்டிவிடுங்கள். முழுதாக, நாள் தவறாமல்.

இப்போது இதை எழுதக் காரணம், வரும் 2026 ஜூலை 1. இதுவரை சூப்பரைக் காலாண்டுக்கு ஒருமுறை கட்டினால் போதும். காலாண்டு முடிந்து 28 நாள் அவகாசமும் உண்டு. 2025 நவம்பரில் நிறைவேறிய பேடே சூப்பர் சட்டம் அதை மாற்றிவிட்டது. இனி சம்பள நாளிலிருந்து ஏழு வேலை நாளுக்குள் பணம் தொழிலாளியின் ஃபண்டுக்குப் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். நீங்கள் அனுப்பிய நாள் கணக்கில் வராது, சேர்ந்த நாள்தான் கணக்கு. புதிதாக வேலைக்குச் சேர்ந்தவருக்கு முதல் தவணையில் மட்டும் 20 வேலை நாள் தருகிறார்கள்.

"நாலு மாசம் கழிச்சுக் கட்டுற பணத்தை வாராவாரம் கட்டச் சொன்னா கடை எப்படி ஓடும்?" என்று பல பேர் கேட்டுவிட்டீர்கள். கேள்வியிலேயே விஷயம் இருக்கிறது. ஜூலை முதல் வாரத்தில் வேலை செய்த பையனின் சூப்பரை அக்டோபர் 28 வரை வைத்திருந்தீர்கள். அந்த இடைவெளியில் அது அரிசி மூட்டையாக, வாடகையாக, உங்கள் வண்டியின் தவணையாகச் சுழன்றது. சட்டம் அனுமதித்தது, சரி. ஆனால் வட்டியில்லாமல், கேட்காமல், கடைக்குள் இருப்பதிலேயே குறைந்த சம்பளக்காரரிடம் வாங்கிய கைமாற்று அது. நாள் வந்ததும் கட்டியவர்களைப் பற்றி எனக்குக் குறை இல்லை. கட்டாமலே விட்டவர்களும் இருக்கிறார்கள். 2021-22 நிதியாண்டில் மட்டும் நாடு முழுவதும் கட்டப்படாமல் போன சூப்பர் சுமார் 520 கோடி டாலர் என்பது ஏடிஓவின், அதாவது ஆஸ்திரேலிய வரி அலுவலகத்தின், மதிப்பீடு. அதில் நம் கடைகளின் பங்கு எவ்வளவு என்று எந்தப் புள்ளிவிவரமும் சொல்லாது. நமக்குத் தெரியும்.

சூப்பர் என்பது முதலாளி பெரிய மனசு பண்ணிக் கொடுக்கும் போனஸ் இல்லை. 1985-இல் பாப் ஹாக் அரசும் தொழிற்சங்கங்களும் ஓர் உடன்பாட்டுக்கு வந்தன. தொழிலாளர்களுக்கு வர வேண்டிய ஊதிய உயர்வில் 3 சதவீதத்தைக் கையில் வாங்காமல் ஓய்வுகால நிதியாக வாங்கிக்கொள்வது என்று முடிவானது. 1992-இல் பால் கீட்டிங் காலத்தில் அது எல்லோருக்கும் சட்டமானது. 2002-இல் 9 சதவீதம், 2025 ஜூலையில் 12 சதவீதம் என்று ஏறியது. தொழிலாளி கூலியில் விட்டுக்கொடுத்ததில் தொடங்கிய பணம் இது. இலங்கையிலிருந்து வந்தவர்களுக்கு இபிஎஃப் என்ற ஊழியர் சேமலாப நிதி நினைவிருக்கும். அங்கேயும் முதலாளி 12 சதவீதம்தான், அது போக இடிஎஃப் என்ற ஊழியர் நம்பிக்கை நிதிக்கு 3. இந்தியாவில் பிஎஃப் பிடித்தம் இருந்த வேலையை விட்டு இங்கே வந்து கடை வைத்தவர்களும் உங்களில் உண்டு. அன்றைக்கு உங்கள் முதலாளி பிஎஃப் கட்டாமல் ஏமாற்றியிருந்தால் அவரை என்ன சொல்லித் திட்டியிருப்பீர்கள்?

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். 2025-26 நிதியாண்டில் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 24.95 டாலர். நிரந்தரமில்லாத கேஷுவல் வேலைக்கு 25 சதவீதம் கூட்டினால் 31.19. வாரம் 20 மணி நேரம் வேலை செய்யும் மாணவிக்கு 12 சதவீதம் என்றால் கிட்டத்தட்ட 75 டாலர். வருஷத்தில் 50 வாரம் வந்தால் 3,700-க்கு மேல். படிப்பு முடியும் வரை இரண்டு வருஷம் உங்களிடமே இருந்தால் 7,000 தாண்டிவிடும். கல்லாவில் பணத்தை எண்ணித் தருகிறாளே, அவளை நம்பித்தானே கடைச் சாவியைக் கொடுத்திருக்கிறீர்கள்?

"அவ படிச்சு முடிச்சு ஊருக்குப் போயிடுவா, சூப்பர் எதுக்கு?" என்பது அடுத்த சமாதானம். போனாலும் பணம் அவளுடையதே. விசா முடிந்து நாட்டை விட்டுப் போனதும் விண்ணப்பித்து எடுத்துக்கொள்ளலாம். இந்த இடத்தில் அரசாங்கமும் யோக்கியமில்லை என்பதைச் சொல்லத்தான் வேண்டும். உள்ளே போகும்போது 15 சதவீத வரி, தற்காலிக விசாக்காரர் வெளியே எடுக்கும்போது பெரும்பாலும் 35 சதவீதம். நூறு டாலர் போட்டால், ஃபண்டின் லாபத்தையும் கட்டணத்தையும் விட்டுவிட்டுப் பார்த்தால், 55 டாலர் சொச்சம்தான் கைக்கு வரும். ஒர்க்கிங் ஹாலிடே விசாவில் வந்தவர்களிடம் 65 சதவீதம் பிடிக்கிறார்கள். அதற்கு கான்பெராவில் உள்ளவர்களுக்குத் தனியாக ஒரு மடல் எழுத வேண்டும். ஆனால் அரசு பாதியைப் பறிக்கிறது என்பதற்காக மீதிப் பாதியையும் நாம் வைத்துக்கொள்ளலாம் என்று ஆகுமா?

ஏபிஎன், அதாவது தனித்தொழில் செய்பவர் எடுக்கும் ஆஸ்திரேலிய வணிக எண், அந்த விவகாரத்துக்கு வருகிறேன். "ஏபிஎன் எடுத்துட்டு வா, அப்பதான் வேலை" என்று மாணவர்களிடம் சொல்கிறீர்கள். ரோஸ்டர் என்ற வேலை நேரப் பட்டியல் உங்களுடையது, ஏப்ரன் உங்களுடையது, எத்தனை மணிக்கு வர வேண்டும் என்பதும் நீங்கள் சொல்வது. அப்புறம் அந்தப் பையன் எப்படித் தனித்தொழில் செய்பவன் ஆவான்? முழுக்கவோ பெரும்பாலுமோ அவனுடைய உழைப்புக்காகத்தான் பணம் என்றால், ஏபிஎன் இருந்தாலும் சூப்பர் கட்டியாக வேண்டும். முன்பு மாதம் 450 டாலருக்குக் கீழே சம்பாதித்தவருக்குச் சூப்பர் இல்லை என்றொரு விதி இருந்தது. அது 2022 ஜூலையோடு போய்விட்டது. இன்னமும் அதைச் சொல்லிக்கொண்டிருக்கும் கடைகள் இருக்கின்றன.

எனக்கு நிஜமாகவே கோபம் வருவது வேறொன்றில். மாணவர் விசாவில், வகுப்பு நடக்கும் காலத்தில் இரண்டு வாரத்துக்கு 48 மணி நேரம்தான் வேலை. ஆள் பற்றாக்குறை என்று அதற்கு மேல் நீங்களே போடுகிறீர்கள், கேஷாகக் கொடுக்கிறீர்கள். பிறகு அவன் சம்பள பாக்கி கேட்டால், "இமிகிரேஷனுக்குச் சொல்லட்டுமா?" என்கிறீர்கள். எல்லோரும் இல்லை. ஆனால் அப்படிச் சொல்பவர் யார் என்று நம் வட்டாரத்தில் எல்லோருக்கும் தெரியும், அவர் கோயில் திருவிழாவில் அன்னதான உபயம் எடுக்கும்போது மாலை போடவும் போகிறோம். 2024 ஜூலை முதல் விசாவைக் காட்டி மிரட்டி ஒருவரைச் சுரண்டுவது குற்றம். 2025 ஜனவரி முதல் வேண்டுமென்றே சம்பளத்தைக் குறைப்பது தனிநபருக்குப் பத்து வருஷம் வரை சிறை கிடைக்கக்கூடிய குற்றம். சுரண்டலைப் பற்றிப் புகார் செய்யும் தொழிலாளியின் விசாவுக்குப் பாதுகாப்பு ஏற்பாடுகளும் வந்துவிட்டன. பிள்ளைகளுக்கு இது மெல்லத் தெரிய வருகிறது.

கம்பெனி பெயரில்தானே கடை, முடியாவிட்டால் மூடிவிட்டு வேறு பெயரில் திறக்கலாம் என்று யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள். கட்டாத சூப்பருக்கு டைரக்டர் தனிப்பட்ட முறையில் பொறுப்பு. ஏடிஓவின் நோட்டீஸ் உங்கள் வீட்டு முகவரிக்கே வரும். அதிலும், பாக்கி இருக்கிறது என்று உரிய நாளில் தெரிவிக்காமல் விட்டிருந்தால் கம்பெனியைக் கலைத்தும் தப்ப முடியாது. தொழிலாளியின் நிலைமை இதைவிட மோசம். கடை திவாலானால் பாக்கிச் சம்பளத்துக்கு அரசின் எஃப்இஜி திட்டம் உண்டு, ஆனால் அது சூப்பரைத் தொடுவதே இல்லை, மாணவர் விசாக்காரருக்கு எதுவுமே தருவதில்லை. நீங்கள் கட்டாவிட்டால் அவருக்கு வேறு போக்கிடம் கிடையாது.

ஜூலை மாதம் நெருக்கடியாகத்தான் இருக்கும், அதை மறைக்கவில்லை. ஏப்ரல் முதல் ஜூன் வரையான கடைசிக் காலாண்டுப் பணத்துக்கு ஜூலை 28 கெடு. அதே மாதத்தில் புதிய வாராந்தரக் கணக்கும் ஓடத் தொடங்கிவிடும். இரண்டும் ஒன்றாகத் தலையில் விழும். இப்போதிருந்தே வாரச் சம்பளத்தோடு சேர்த்து 12 சதவீதத்தைத் தனிக் கணக்குக்கு மாற்றி வைத்தால் சமாளிக்கலாம். சூப்பரை ஒரே இடத்தில் வாங்கி அந்தந்த ஃபண்டுக்குப் பிரித்து அனுப்பும் ஏடிஓவின் இலவச கிளியரிங் ஹவுஸை நம்பியிருப்பவர்கள் கவனிக்க வேண்டும்: அது ஜூலை 1-உடன் மூடப்படுகிறது. சம்பள மென்பொருளிலேயே சூப்பர் அனுப்பும் வசதி இருக்கிறதா என்று இந்த வாரமே பாருங்கள். அப்படி அனுப்பும் பணமும் ஃபண்டில் சேரச் சில நாள் பிடிக்கும் என்பதால் சம்பளம் போடும் அன்றைக்கே சூப்பரையும் அனுப்பிவிடுவது நல்லது. முதல் வருஷத்தில், நிஜமாகவே முயற்சி செய்து தவறியவர்கள் மேல் முதலில் பாயப்போவதில்லை என்று ஏடிஓ சொல்லியிருக்கிறது. முயற்சியே செய்யாதவர்களுக்கு அந்தச் சலுகை பொருந்தாது. ஒவ்வொரு சம்பளத்தையும் நீங்கள் அனுப்பும் விவரத்தையும் ஃபண்டுகள் அனுப்பும் விவரத்தையும் அவர்களால் பக்கத்தில் வைத்துப் பார்க்க முடியும்.

பழைய பாக்கி இருப்பவர்கள் தாங்களாகவே முன்வந்து சொன்னால் அபராதம் பெரும்பாலும் குறையும். 2018 முதல் 2020 வரை ஒரு பொது மன்னிப்புக் காலம் கொடுத்தார்கள், அது இன்னொரு முறை வரும் என்று காத்திருக்க வேண்டாம். வேலை பார்த்த பிள்ளை ஊருக்கே திரும்பிவிட்டாலும் கணக்கு முடிந்துவிடவில்லை. நீங்கள் ஏடிஓவுக்குக் கட்டினால், அவர் கோயம்புத்தூரிலோ யாழ்ப்பாணத்திலோ இருந்தபடியே இணையத்தில் விண்ணப்பித்து வாங்கிக்கொள்ளலாம். யார் எத்தனை மணி நேரம் வேலை செய்தார் என்று ஏடு எதுவும் இல்லையே என்று கையை விரிக்காதீர்கள். வாராவாரம் ரோஸ்டரைப் படம் எடுத்து வாட்ஸ்அப் குழுவில் போட்டீர்கள் அல்லவா, அது அங்கேயேதான் இருக்கிறது. அதை எடுத்துக்கொண்டு உங்கள் கணக்காளரிடம் போங்கள். அவர் வேண்டாம் என்று தோன்றினால் என்னிடம் வாருங்கள்.

இப்படிக்கு,
உங்கள் கடைகளின் கணக்கு எழுதும் ஒருவன்