ஒரு மடக்கு ஸ்டூலுக்கு நன்றி

நண்பர்களே,

ஆபரேஷன் ஆகி ஏழு வாரம். நடந்ததெல்லாம் உங்களுக்கே தெரியும், மறுபடி வேண்டாம். ஜெர்மன் ஓவியர் கார்ல் பிளெஹனைப் பற்றிய கட்டுரையை நேற்று ராத்திரி ஒருவழியாக அனுப்பிவிட்டேன். அந்தச் சூடு ஆறுவதற்குள் இதை எழுதுகிறேன்.

அவருடைய ஒரு படத்தை நேரில் பார்க்காமல் கட்டுரையை முடிக்க மனசு வரவில்லை. பெர்லின் பழைய தேசிய ஓவியக்கூடத்தில் இருக்கிறது: எபர்ஸ்வால்டே இரும்பு உருட்டாலை, 1830 வாக்கில் வரைந்தது. பள்ளிக்கூட சிலேட்டைவிடக் கொஞ்சம் பெரிசு, அவ்வளவுதான். ஐந்து நிமிஷம்கூட நிற்க முடியவில்லை. சரி, கிளம்பலாம் என்று திரும்பினால், அந்த அறைக்குக் காவலாக இருந்த அம்மா ஒருவர் மடக்கு ஸ்டூலோடு வருகிறார். என்ன ஏது என்று கேட்கவில்லை. படத்துக்கு நேராக விரித்தார், ஆடுகிறதா என்று உள்ளங்கையால் ஒருமுறை அழுத்திப் பார்த்தார், தன் மூலைக்குப் போய்விட்டார்.

நின்றபோது கண்ணில் பட்டது புகைபோக்கியும் புகையும்தான். உட்கார்ந்ததும் பார்வை கீழே இறங்கியது. தண்ணீர், படகு, மீன் பிடிக்கிறவர்கள். பின்னால் ஆலை புகைகிறது, இவர்கள் பாட்டுக்கு இருக்கிறார்கள். ஆலையைப் பற்றி நான்கு பக்கம் எழுதி வைத்திருந்தேன், படகுக்கு ஒரு வரி இல்லை! அன்றைக்கே எல்லாவற்றையும் திருத்தினேன்.

இன்னொரு இடத்தையும் திருத்தினேன். பிளெஹன் கோட்புஸில் பிறந்தவர், வங்கி குமாஸ்தா, நாடக மேடைக்குத் திரை வரைந்தவர், இத்தாலி போய்வந்தவர், 1831-இல் பெர்லின் கலைக்கழகத்தில் நிலக்காட்சிப் பேராசிரியர் என்று விலாவாரியாக எழுதிவிட்டு, மனநோயை ஒரே வாக்கியத்தில் தாண்டியிருந்தேன். அந்த நாட்களில் எழுத்தாளர் பெட்டினா ஃபான் ஆர்னிம் அவருக்காக உதவி தேடி அலைந்ததை விட்டேவிட்டிருந்தேன். படுத்துக் கிடந்து எழுந்த எனக்கு அது எப்படி விட்டுப்போயிற்றோ. 1840-இல், 42 வயது நிறைய ஆறு நாள் இருக்கும்போது பிளெஹன் இறந்தார்.

சோறு கொண்டுவந்தவர்கள், ராத்திரி துணைக்குப் படுத்தவர்கள், பழைய ஜெர்மன் கையெழுத்தை எழுத்துக்கூட்டிப் படித்துச் சொன்ன பெரியவர், கெடு தள்ளிப்போனபோதெல்லாம் முகம் சுளிக்காத ஆசிரியர், எல்லாருக்கும் நன்றி. உங்களுக்குத் தனித்தனியாக எழுதுவேன். அந்த அம்மாவுக்கு எழுதத்தான் வழியில்லை, பெயரைக்கூடக் கேட்டுக்கொள்ளவில்லை. ‘டாங்கே’ என்றேன், தலையசைத்தார்.

அடுத்தது கோட்புஸ் பக்கத்திலுள்ள பிரானிட்ஸ் மாளிகை. அங்கேயும் பிளெஹனின் படங்கள் இருக்கின்றன. நடை தேறியதும் போவேன். நிற்க முடியாவிட்டால் இந்தமுறை நானே ஸ்டூல் கேட்பேன்.